எரிபுண் வலியும் கால்சியம் மடையும்: நரம்புச் செல்களில் நரம்புப் பெப்டைடுகளின் கட்டுப்பாடு – ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

நரம்புச் செல்லின் முனையில் கால்சியம் அயனி நுழைந்தால்தான் அச்செல் அடுத்த செல்லுக்குச் செய்தி அனுப்ப இயலும். அந்நுழைவுக்குரிய புரதக் கால்வாய்களை மூளையிலும் தண்டுவடத்திலும் சுரக்கும் நரம்புப் பெப்டைடுகள் கட்டுப்படுத்துகின்றன. எரிபுண் வலி உண்டாவதிலும் அடங்குவதிலும் இக்கட்டுப்பாடு பெரும்பங்கு வகிக்கிறது. விருதுநகர் மாவட்டப் பட்டாசுத் தொழில் வட்டாரத்தில் நிகழும் தீ விபத்துகளை முன்வைத்து, இக்கட்டுப்பாட்டின் இயங்குமுறையையும், அது கண்டறியப்பட்ட வரலாற்றையும், அதனின்று பெறப்படும் மருத்துவப் பயனையும் இக்கட்டுரை விளக்குகிறது. பட்டாசின் பச்சை ஒளிக்குக் காரணமான பேரியம், கால்சியம் கால்வாய் ஆய்வில் பெற்ற இடமும் எடுத்துக்காட்டப்படுகிறது.

திறவுச் சொற்கள்: நரம்புப் பெப்டைடு, கால்சியம் கால்வாய், என்கெஃபலின், பி-பொருள், ஜி புரதம், பேரியம், எரிபுண் வலி, மார்ஃபின்

1. முன்னுரை

விருதுநகர் மாவட்டம் வெம்பக்கோட்டை வட்டத்தைச் சேர்ந்த தாயில்பட்டி, சிவகாசியையும் சாத்தூரையும் சூழ்ந்த பட்டாசுத் தொழில் வட்டாரத்தின் ஊர்களுள் ஒன்று. மழை குறைந்த இந்நிலத்தில் வேளாண்மை கண்மாய்களை நம்பியிருக்கிறது. கண்மாய் வறண்ட ஆண்டுகளில் குடும்பங்களைத் தாங்குவன பட்டாசும் தீப்பெட்டியும் அச்சுத் தொழிலும் ஆகும். மருந்துக் கலவை விரைந்து உலர்வதற்குத் துணைசெய்யும் வறண்ட காற்றே, சிறு உராய்விலும் தீப்பற்றும் அபாயத்தையும் மிகுவிக்கிறது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் நிகழ்ந்த விபத்தில் பலர் மாண்டனர்.

இத்தகைய விபத்துகளின் கணக்கு இறந்தோர் எண்ணிக்கையோடு முடிந்துவிடுவதே பெரும்பாலும் வழக்கம். பிழைத்தவர்கள் வாரக்கணக்கில் தாங்கும் வலிக்கு அக்கணக்கில் இடமில்லை. எரிபுண் வலி மூன்று நிலைகளை உடையது. முதலாவது, படுத்திருக்கும்போதும் ஓயாத அடிப்படை வலி. இரண்டாவது, புண்ணைக் கழுவிக் கட்டு மாற்றுகையில் எழும் கடும் வலி. இதனை நோயாளி மீண்டும் மீண்டும் எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. மூன்றாவது, தோல் ஆறிய பின்னரும் நரம்புச் சேதத்தால் தொடரும் வலியும் அரிப்பும். தோலின் மேலடுக்குகள் மட்டும் எரிந்த புண்ணில் நரம்பு முனைகள் உயிரோடிருப்பதால் வலி மிகுதி. ஆழ எரிந்த இடத்தில் நரம்பு முனைகள் அழிந்துவிடினும், அதன் விளிம்புகள் வலிக்கும்.

இவ்வலி எங்கே செய்தியாக மாறுகிறது, எங்கே அதனைத் தடுக்க இயலும் என்னும் வினாவுக்கு நரம்பியல் தந்துள்ள விடைகளுள் மிகத் தெளிவானது கால்சியம் கால்வாயைப் பற்றியது. வலியை அடக்கும் ஏற்பாடு ஒன்று உடலிலேயே அமைந்திருக்கிறது என்பதும், சிறந்த வலிநீக்கி மருந்துகள் அவ்வேற்பாட்டையே பின்பற்றுகின்றன என்பதும் இக்கட்டுரையின் மையக் கருத்துகளாகும்.

2. கால்சியம் என்னும் செய்தி

நரம்புச் செல்லுக்கு வெளியே உள்ள திரவத்தில் கால்சியம் அயனியின் செறிவு 1 முதல் 2 மில்லிமோலார் வரை இருக்கும். ஓய்வு நிலையில் செல்லின் உள்ளே அது ஏறத்தாழ 100 நானோமோலார் மட்டுமே. வெளியே உள்ள செறிவு உள்ளே இருப்பதைப்போல் 10,000 மடங்குக்கும் மேல். இவ்வேறுபாட்டைக் காக்கச் செல் இடைவிடாது ஆற்றலைச் செலவிட்டுக் கால்சியத்தை வெளியேற்றுகிறது. உள்ளே இவ்வளவு குறைவாக இருப்பதனால்தான் சிறிதளவு கால்சியம் நுழைந்தாலும் செல் அதனைச் செய்தியாக உணர்கிறது.

மின்துடிப்பு ஒன்று நரம்பு முனையை அடையும்போது, அங்குள்ள கால்சியம் கால்வாய்கள் திறக்கின்றன. திறந்த ஒரு கால்வாய் வழியே நொடிக்கு ஏறத்தாழ 10 லட்சம் அயனிகள் என்னும் வேகத்தில் கால்சியம் பாய்கிறது. அது நரம்புணர்வு கடத்திகளைத் தாங்கிய நுண்பைகளைச் செல்சவ்வோடு இணையச் செய்கிறது. பைகள் உடைந்து கடத்தி வெளியேறி, அடுத்த செல்லின் ஏற்பிகளைச் சேர்கிறது. இவையனைத்தும் சில மில்லிநொடிகளில் நிகழ்ந்து முடிகின்றன.

கால்சியத்துக்கும் கடத்தி வெளியேற்றத்துக்கும் உள்ள தொடர்பு நேர்விகிதமானதன்று. 1967-இல் டாட்ஜ், ரஹாமிமாஃப் ஆகிய இருவரும் தவளையின் நரம்பு–தசை இணைப்பில் ஆய்ந்து, வெளியேற்றம் கால்சியத்தின் ஏறத்தாழ நான்காம் படிக்கு ஒத்தது எனக் காட்டினர். இதன் பொருளை ஓர் எளிய கணக்கால் அறியலாம். நுழையும் கால்சியம் பாதியாகக் குறைந்தால் வெளியேற்றம் பாதியாகாது; 16-இல் ஒரு பங்காகச் சுருங்கும். 30 விழுக்காடு குறைந்தாலே வெளியேற்றம் நான்கில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். நான்காம் படி என்பது எல்லா நரம்பு இணைப்புகளுக்கும் அப்படியே பொருந்தாது எனினும், கால்சியத்தின் சிறு மாற்றம் வெளியேற்றத்தில் பெருமாற்றமாகும் என்னும் போக்கு பொதுவானது. கால்சியம் கால்வாயைச் சிறிதளவு அடக்கினாலே வலிச் செய்தி பெரிதும் தளர்வதற்கு இதுவே காரணம்.

3. கால்வாயும் மடையும்

இப்புரதத்தைக் கால்வாய் எனக் குறிப்பது தமிழ்ப் பாடநூல் வழக்கு. இது எப்போதும் திறந்து கிடக்கும் கால்வாயன்று. மின்னழுத்த மாற்றத்தால் திறந்து மூடும் மடையை உடையது. கண்மாய்ப் பாசனம் அறிந்தோர்க்கு இது எளிதில் விளங்கும். கண்மாயில் நீர் நிறைந்திருக்கிறது, வயல் வறண்டிருக்கிறது, இடையே மடை. மடை திறந்தால் நீர் தானே பாயும், இறைக்க வேண்டியதில்லை. செல்லுக்கு வெளியே கண்மாய், உள்ளே வயல். மடையைத் திறப்பது மின்துடிப்பு. எவ்வளவு எளிதாகத் திறக்கலாம் என்பதைத் தீர்மானிப்பவற்றுள் முதன்மையானவை நரம்புப் பெப்டைடுகள்.

கால்வாயின் துளையில் எதிர்மின்சுமை கொண்ட நான்கு குளூட்டமேட் அமினோ அமிலங்கள் வளையமாக அமைந்துள்ளன. வெளியே சோடியம் பன்மடங்கு மிகுதியாக இருந்தும் கால்சியத்தையே தேர்ந்து அனுமதிப்பது இவ்வளையம்தான். துளையை உருவாக்கும் பெரும்புரதத்துக்கு ஆல்ஃபா-1 என்று பெயர். அதனோடு பீட்டா, ஆல்ஃபா-2-டெல்டா ஆகிய துணைப்புரதங்கள் சேர்ந்து கால்வாயின் செயலையும் செல்சவ்வில் அதன் எண்ணிக்கையையும் மாற்றுகின்றன.

கால்சியம் கால்வாய்கள் பல வகையின. 1985-இல் நோவிக்கி, ஃபாக்ஸ், சியென் ஆகியோர் உணர்வு நரம்புச் செல்களில் எல், டி, என் என்னும் மூவகைகளைப் பிரித்தறிந்தனர். பி, கியூ, ஆர் வகைகள் பின்னர்ச் சேர்ந்தன. டி வகை ஓய்வு நிலையை அடுத்த சிறு மின்னழுத்த மாற்றத்திலேயே திறக்கும். எல் வகை தசையிலும் இதயத்திலும் முதன்மையானது. இரத்த அழுத்த மருந்துகள் சில இதனைத் தடுக்கின்றன. கடத்தி வெளியேற்றத்துக்கு முதன்மையானவை என் வகையும் பி/கியூ வகையும். வலியைக் கடத்தும் உணர்வு நரம்புகள் தண்டுவடத்தில் முடியும் இடத்தில் என் வகை செறிந்திருக்கிறது. இக்கட்டுரையின் கவனம் அவ்வகையின்மீதே அமைகிறது.

4. நரம்புப் பெப்டைடுகள்

அமினோ அமிலங்கள் சில கோத்த குறுஞ்சங்கிலியே பெப்டைடு. நரம்புச் செல்கள் தயாரித்து வெளியிட்டு, பிற நரம்புச் செல்களின் ஏற்பிகளில் செயற்படுத்தும் பெப்டைடுகள் நரம்புப் பெப்டைடுகள் எனப்படும். மெத்தியோனின்-என்கெஃபலினில் 5 அமினோ அமிலங்கள், பி-பொருளில் 11, சோமாட்டோஸ்டாட்டினில் 14, பீட்டா-எண்டார்ஃபினில் 31, நரம்புப் பெப்டைடு-ஒய்யில் 36, சிஜிஆர்பி எனச் சுருக்கி வழங்கும், கால்சிடோனின் மரபணுவோடு தொடர்புடைய பெப்டைடில் 37.

குளூட்டமேட் போன்ற சிறு கடத்திகளினின்று இவை சில வகைகளில் வேறுபடுகின்றன. சிறு கடத்திகள் நரம்பு முனையிலேயே உருவாகி, வெளியேறியபின் மீண்டும் உறிஞ்சப்பட்டுப் பயன்படுகின்றன. நரம்புப் பெப்டைடுகளோ செல்லுடலில் மரபணுவின் ஆணைப்படி நீண்ட முன்னோடிப் புரதமாக உருவாகி, நொதிகளால் வெட்டப்பட்டு, அடர்மைய நுண்பைகளில் அடைக்கப்பட்டு, நீண்ட ஆக்சான் வழியே முனைக்கு அனுப்பப்படுகின்றன. ஒற்றைத் துடிப்புக்கு இவை எளிதில் வெளியேறுவதில்லை. அடுத்தடுத்துத் துடிப்புகள் வந்து கால்சியம் மிகும்போதே வெளியேறுகின்றன. வெளியேறியபின் பரவிச் சென்று, தொலைவிலுள்ள ஏற்பிகளிலும் நெடுநேரம் செயற்பட்டு, இறுதியில் நொதிகளால் சிதைகின்றன. பெப்டைடு வெளியேறுவதற்கும் கால்சியம் தேவை. வெளியேறிய பெப்டைடு மற்றொரு செல்லின் கால்சிய நுழைவை மாற்றவும் வல்லது.

5. தீயும் வலியை எழுப்பும் பெப்டைடுகளும்

தோலின் வெப்பம் ஏறத்தாழ 43 பாகை செல்சியசைக் கடக்கும்போது, வலி நரம்பின் முனையிலுள்ள டிஆர்பிவி-1 என்னும் ஏற்பி திறக்கிறது. 1997-இல் டேவிட் ஜூலியஸ் குழுவினர் இதனைக் கண்டறிந்தனர். இவ்வழிப்பட்ட ஆய்வுக்காக அவருக்கும் ஆர்டெம் பட்டபூட்டியனுக்கும் 2021-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. மிளகாயின் காரப்பொருளான காப்சைசினும் இதே ஏற்பியைத்தான் திறக்கிறது. விருதுநகர்ச் சந்தையின் வற்றல் மிளகாய் நாவில் எரிவதும் தீ தோலைச் சுடுவதும் நரம்புக்கு ஒரே வாயிலின் செய்திகளாகவே வந்துசேர்கின்றன.

இவ்வேற்பி திறந்ததும் வலி நரம்பு இரு திசைகளில் செயற்படுகிறது. தோலில் உள்ள முனை, பி-பொருளையும் சிஜிஆர்பியையும் அங்கேயே வெளியிடுகிறது. சிஜிஆர்பி இரத்தக் குழாய்களை விரிக்கிறது. பி-பொருள் குழாய்ச் சுவரின் கசிவை மிகுவிக்கிறது. புண்ணைச் சுற்றிச் சிவந்து வீங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். மறு திசையில், மின்துடிப்பு தண்டுவடத்தின் முதுகுப்புறக் கொம்பை அடைந்து, என் வகைக் கால்வாய்களைத் திறந்து, குளூட்டமேட்டையும் அவ்விரு பெப்டைடுகளையும் வெளியிடுகிறது. அடுத்த நரம்புச் செல் அச்செய்தியை மூளைக்கு அனுப்புகிறது. துடிப்புகள் தொடர்ந்து வரவர அச்செல்லின் உணர்திறன் மிகுகிறது. புண்ணைச் சுற்றியுள்ள எரியாத தோலைத் தொட்டாலும் வலிப்பதற்கு இம்மிகை உணர்திறனே காரணம்.

பி-பொருளை 1931-இல் ஃபான் ஆய்லரும் காடமும் கண்டறிந்தனர். அதன் அமினோ அமில வரிசையை சூசன் லீமன் குழுவினர் 1971-இல் வெளியிட்டனர். வலிச் செய்தியோடு அதற்குள்ள தொடர்பு தெளிவானதும், அதன் ஏற்பியைத் தடுத்தால் வலி நீங்கும் என்ற நம்பிக்கை எழுந்தது. அத்தகைய மருந்துகள் விலங்குகளில் பயன் தந்தன. மனிதர்களிடம் வலிநீக்கிகளாக வெற்றிபெறவில்லை. அவற்றுள் ஒன்றான அப்ரெபிட்டன்ட், புற்றுநோய் மருந்துகளால் எழும் குமட்டலைத் தடுப்பதற்கு 2003-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இத்தோல்விக்குப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. வலி நரம்பு ஒரே நேரத்தில் பல கடத்திகளை வெளியிடுவதால், அவற்றுள் ஒன்றை மட்டும் தடுத்தால் எஞ்சியவை செய்தியைக் கொண்டுசேர்க்கும் என்பது அவற்றுள் முக்கியமானது. வயலுக்குள் புகுந்த நீரை ஒவ்வொரு வரப்பிலும் மறிப்பதைக் காட்டிலும் மடையையே அடைப்பது மேல். உடல் கையாளும் முறையும் அதுவே.

6. வலியை அடக்கும் பெப்டைடுகள்

அபினிலிருந்து கிடைக்கும் மார்ஃபினுக்கு மூளையில் ஏற்பிகள் உள்ளன என 1973-இல் நிறுவப்பட்டது. ஒரு செடியின் பொருளுக்கு மனித மூளையில் ஏற்பி இருப்பானேன் என்னும் வினா உடனே எழுந்தது. 1975-இல் ஸ்காட்லாந்தின் அபெர்டீனில் ஜான் ஹியூஸ், ஹான்ஸ் காஸ்டர்லிட்ஸ் ஆகியோர் பன்றி மூளையிலிருந்து இரு பெப்டைடுகளைப் பிரித்தெடுத்தனர். ‘தலையினுள்ளே’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அவற்றுக்கு என்கெஃபலின் எனப் பெயரிட்டனர். மார்ஃபினின் ஏற்பிகள் உடலின் சொந்தப் பெப்டைடுகளுக்காக அமைந்தவை என்பது இவ்வாறு விளங்கிற்று.

என்கெஃபலின் எங்ஙனம் வலியை அடக்குகிறது என்பதற்கான விடை படிப்படியாகக் கிடைத்தது. 1977-இல் ஜெசல், ஐவர்சன் ஆகியோர் எலியின் முக்கிளை நரம்பு உட்கருத் துண்டுகளில், ஓபியாய்டுகள் பி-பொருளின் வெளியேற்றத்தைக் குறைப்பதைக் காட்டினர். 1978-இல் டன்லப், ஃபிஷ்பாக் ஆகியோர் கோழிக் கருவின் உணர்வு நரம்புச் செல்களை வளர்த்து, நார்-அட்ரினலின் போன்ற கடத்திகள் மின்துடிப்பின் கால்சியப் பகுதியைக் குறுக்குவதைக் கண்டனர். 1979-இல் ஆன் மட்ஜ், லீமன், ஃபிஷ்பாக் மூவரும் இவ்விரு இழைகளையும் இணைத்தனர். அதே வகைச் செல்களில் என்கெஃபலின் மின்துடிப்பின் கால அளவைக் குறைத்தது. பி-பொருளின் வெளியேற்றத்தையும் குறைத்தது. கால்சிய நுழைவு குறைவதே இரண்டையும் இணைக்கும் காரணம் என அவர்கள் கருதினர். தண்டுவடத்தில் நிகழும் வலித்தடுப்புக்கான செல் அளவிலான விளக்கம் இவ்வாறு உருவானது.

உடலில் இத்தடுப்பை இயக்குவன தண்டுவடத்தின் சிறு இடைநரம்புச் செல்களும், நடுமூளையிலிருந்தும் மூளைத்தண்டிலிருந்தும் இறங்கிவரும் பாதைகளும் ஆகும். பேராபத்தின் நடுவே தம் புண்ணின் வலியை உணராது பிறரைக் காப்பாற்ற ஓடியவர்கள் உண்டு. அவ்வேளையில் வலிச் செய்தியைத் தண்டுவடத்திலேயே மட்டுப்படுத்துவதில் இவ்விறங்கு பாதைகளுக்குப் பங்குண்டு.

7. கட்டுப்பாட்டின் இரு வழிகள்

பெப்டைடு நேரடியாகக் கால்வாயைத் தொடுவதில்லை. அது தன் ஏற்பியில் பொருந்துகிறது. ஏற்பி, செல்சவ்வின் உட்புறத்திலுள்ள ஜி புரதத்தைத் தூண்டுகிறது. அதன்பின் நிகழ்வன இரு வழிகளில் அமைகின்றன.

முதலாவது விரைவழி. தூண்டப்பட்ட ஜி புரதம் ஆல்ஃபா, பீட்டா-காமா என இரு பகுதிகளாகப் பிரிகிறது. பீட்டா-காமா பகுதி செல்சவ்வை ஒட்டியே நகர்ந்து, அருகிலுள்ள கால்வாயில் நேரடியாகப் பொருந்துகிறது. இதனை 1996-இல் ஹெர்லிட்ஸ குழுவினரும் இக்கேடாவும் தனித்தனியே நிறுவினர். பீட்டா-காமா பொருந்திய கால்வாய் முற்றிலும் மூடிவிடுவதில்லை, திறப்பதற்குத் தயங்குகிறது. 1989-இல் புரூஸ் பீன் இந்நிலையை விளக்குகையில், கால்வாய்க்கு இசைவு நிலை, தயக்க நிலை என இரண்டு உண்டு எனக் கூறினார். தயக்க நிலைக் கால்வாயைத் திறக்க மிகுந்த மின்னழுத்த மாற்றம் வேண்டும். குறுகிய மின்துடிப்பு முடிவதற்குள் அது திறப்பதில்லை. என்கெஃபலின், சோமாட்டோஸ்டாட்டின், நரம்புப் பெப்டைடு-ஒய் ஆகியன இவ்வழியைப் பயன்படுத்துகின்றன. கக்குவான் இருமல் நுண்ணுயிரியின் நச்சு இவ்வகை ஜி புரதத்தைச் செயலிழக்கச் செய்வதால், அந்நச்சிட்ட செல்களில் இத்தடுப்பு நிகழாது. ஜி புரதத்தின் பங்கை உறுதிசெய்ய ஆய்வாளர்கள் இதனையே கருவியாகக் கொண்டனர்.

இவ்வழிக்கு ஒரு தனிப்பண்பு உண்டு. வலுவான மின்னழுத்த மாற்றம் ஒன்றைக் கொடுத்தால் பீட்டா-காமா விலகி, கால்வாய் சிறிதுநேரம் இசைவு நிலைக்குத் திரும்புகிறது. நரம்பில் அடுத்தடுத்து விரைந்து வரும் துடிப்புகளும் இத்தடுப்பை ஓரளவு தளர்த்துவது ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. மெலிந்த செய்தியைத் தடுத்து, வலுத்த செய்தியை ஓரளவு விட்டுவிடும் வடிகட்டியாக இது விளங்குகிறது.

இரண்டாவது மெதுவழி. பி-பொருள் போன்ற பெப்டைடுகளின் ஏற்பி வேறொரு ஜி புரதத்தைத் தூண்டுகிறது. அது செல்சவ்வின் பாஸ்ஃபாட்டிடைல் இனாசிட்டால் வகைக் கொழுப்பு ஒன்றைப் பிளக்கிறது. கால்வாய் இயங்குவதற்கு அக்கொழுப்பு தேவையாதலால், அது குறையும்போது கால்சிய நுழைவும் குறைகிறது. இம்மாற்றம் மெல்லத் தோன்றி மெல்ல மறைவது. வலுவான துடிப்பாலும் நீங்காதது. 1993-இல் ஷாப்பிரோ, ஹில் ஆகியோர் எலியின் பரிவு நரம்புச் செல்களில், சோமாட்டோஸ்டாட்டினும் பி-பொருளும் ஒரே கால்வாயை வேறுவேறு ஜி புரத வழிகளில் தடுப்பதைக் காட்டினர்.

தண்டுவடத்தில் வலியை எழுப்பும் பி-பொருளே பரிவு நரம்புச் செல்லில் கால்வாயைத் தடுக்கிறது. ஆகவே, ஒரு பெப்டைடை வலிப் பெப்டைடு என்றோ அமைதிப் பெப்டைடு என்றோ வகுத்துவிடுதல் பொருந்தாது. பெப்டைடு எழுத்து மட்டுமே. அதன் பொருளை எச்செல்லின் எந்த ஏற்பி அதனைப் பெறுகிறது என்பதே தீர்மானிக்கிறது.

8. பேரியம்: வாணத்திலும் ஆய்வுக்கூடத்திலும்

மேற்கூறிய முடிவுகளுள் பல, கால்சியத்தை அளந்து பெறப்பட்டவை அல்ல. பேரியத்தை அளந்து பெறப்பட்டவை. பட்டாசுத் தொழிலை அறிந்தோர்க்கு இத்தனிமம் புதிதன்று. வாணத்தின் பச்சை ஒளியைத் தருவது பேரியம் நைட்ரேட். சிவப்பைத் தருவன ஸ்ட்ரான்சியம் உப்புகள். கால்சியம், ஸ்ட்ரான்சியம், பேரியம் மூன்றும் தனிம அட்டவணையின் இரண்டாம் தொகுதியைச் சேர்ந்தவை. மூன்றின் அயனிகளும் இரட்டை நேர்மின்சுமை உடையவை. ஃபாட், கின்ஸ்பர்க் ஆகியோர் 1958-இல் நண்டினத் தசையிழைகளை ஆய்ந்து, கால்சியத்தின் இடத்தில் ஸ்ட்ரான்சியமும் பேரியமும் நின்று மின்துடிப்பை உண்டாக்குவதைக் காட்டினர். பச்சை வாணத்தின் அயனியும் சிவப்பு வாணத்தின் அயனியும் கால்சியம் மடை வழியே நுழைய வல்லன என்பது அன்றே தெரிந்துவிட்டது.

ஆய்வாளர்கள் பேரியத்தை விரும்புவதற்கு மூன்று காரணங்கள் உள்ளன. முதலாவது, கால்சியம் உள்ளே நுழைந்ததும் கால்மாடுலின் என்னும் புரதத்தோடு சேர்ந்து, தான் நுழைந்த கால்வாயையே செயலிழக்கச் செய்கிறது. பேரியம் அவ்வாறு செய்வது மிகக் குறைவு. இரண்டாவது, பேரியம் பொட்டாசியம் கால்வாய்களை அடைப்பதால், அவற்றின் மின்னோட்டம் அளவீட்டைக் குழப்புவதில்லை. மூன்றாவது, எல் வகை போன்ற கால்வாய்களில் பேரிய மின்னோட்டம் கால்சிய மின்னோட்டத்தைவிடப் பெரிதாக இருப்பதால் அளப்பது எளிது. பெப்டைடு சேர்க்கும் முன்னும் பின்னும் பேரிய மின்னோட்டத்தை அளந்து ஒப்பிட்டால், பெப்டைடின் விளைவு தெளிவாகப் புலப்படும்.

பொட்டாசியம் கால்வாயை அடைக்கும் இப்பண்பே பேரியத்தை நச்சாக்குகிறது. நீரில் கரையும் பேரிய உப்பு உடலுள் மிகுந்தால் இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து, தசை தளர்ந்து, இதயத் துடிப்பு பிறழும். எக்ஸ் கதிர்ப் படத்துக்காக அருந்தத் தரும் பேரியம் சல்ஃபேட் நீரில் கரையாததனால்தான் பாதுகாப்பானது. காற்று மாசு குறித்த அர்ஜுன் கோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று பட்டாசுகளில் பேரிய உப்புகளுக்குத் தடை விதித்தது. 2021 அக்டோபரில் அத்தடையை வலியுறுத்தியது. 2023 செப்டம்பரில், பேரியத்தை அனுமதிக்கக் கோரிய மனுவை ஏற்க மறுத்தது. ஆய்வுக்கூடத் தட்டில் ஒரு செல்லைச் சூழும் பேரியக் கரைசலையும், பணிக்கூடத் தூசியில் கலந்த பேரியத்தையும் ஒன்றெனக் கொள்ளலாகாது. எனினும், ஒரு தனிமத்தின் பயனும் நஞ்சும் அயனிக் கால்வாய்கள் என்னும் ஒரே களத்திலிருந்து பிறப்பது கருதத்தக்கது.

9. மடையை அடைக்கும் மருந்துகள்

என் வகைக் கால்வாயின் செயலை மருந்தால் குறைப்பதற்கு மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, உடலின் சொந்த வழியைப் பின்பற்றுவது. மார்ஃபின் என்கெஃபலினின் ஏற்பியில் பொருந்தி, பீட்டா-காமாவை விடுவித்து, கால்வாயைத் தயக்க நிலைக்குக் கொண்டுசெல்கிறது. அடுத்த செல்லின் பொட்டாசியம் கால்வாய்களைத் திறந்து அதனையும் அமைதிப்படுத்துகிறது. இவ்விரட்டைச் செயலால்தான் கடும் எரிபுண் வலிக்கு அது இன்றும் முதன்மை மருந்தாக நிற்கிறது. அதே ஏற்பிகள் மூச்சை இயக்கும் மூளைத்தண்டிலும் குடலிலும் இருப்பதால், அளவு மிகுந்தால் மூச்சுத் தளர்வும், வழக்கமான அளவிலேயே மலச்சிக்கலும் உண்டாகும். நெடுநாள் தரும்போது ஏற்பிகளின் திறன் குன்றி, அளவைக் கூட்ட வேண்டிவரும். இவற்றைக் கண்காணிக்கப் பயிற்சி வேண்டும்.

இரண்டாவது, கால்வாயின் வாயையே அடைப்பது. பிலிப்பைன்ஸைச் சேர்ந்த பால்டோமெரோ ஒலிவேராவின் குழுவினர் கூம்புச் சங்குகளின் நஞ்சை ஆய்ந்து, என் வகைக் கால்வாயை மட்டும் தேர்ந்து அடைக்கும் பெப்டைடுகளைக் கண்டறிந்தனர். அவற்றுள் 25 அமினோ அமிலங்கள் கொண்ட ஒன்றின் செயற்கை வடிவமான சிகோனோடைடு, 2004 டிசம்பரில் அமெரிக்காவில் மருந்தாக ஒப்புதல் பெற்றது. ஏற்பியின் துணையின்றிச் செயற்படுவதால் இதற்கு மார்ஃபினைப்போல் உடல் பழகிப்போவதில்லை. ஆயினும் தண்டுவடத் திரவத்திலேயே செலுத்த வேண்டியிருப்பதும், குழப்பம், தலைச்சுற்றல் முதலிய விளைவுகளும் அதன் பயனைச் சுருக்குகின்றன. மன்னார் வளைகுடாவிலும் கூம்புச் சங்குகள் வாழ்கின்றன. இந்தியக் கடற்கரைக் கூம்புச் சங்குகளின் பெப்டைடுகளைப் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் பி. பலராம், நரம்பியலாளர் கே. எஸ். கிருஷ்ணன் ஆகியோர் ஆய்ந்துள்ளனர்.

மூன்றாவது, முனையிலுள்ள கால்வாய்களின் எண்ணிக்கையைக் குறைப்பது. காபாபென்டின், பிரிகாபலின் ஆகியன ஆல்ஃபா-2-டெல்டா துணைப்புரதத்தில் பொருந்தி, கால்வாய்கள் நரம்பு முனைக்குச் சென்று சேர்வதைத் தடுக்கின்றன. நரம்புச் சேத வலிக்கும், எரிபுண் ஆறியபின் வரும் அரிப்புக்கும் இவை தரப்படுகின்றன.

மூன்றனுள் விலை குறைந்ததும் கடும் வலிக்கு விரைந்து பயன் தருவதும் மார்ஃபினே. உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் அது இடம்பெற்றுள்ளது. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசு உரிமத்துடன் அபின் பயிராகிறது. காஜிப்பூர், நீமச் ஆகிய இடங்களிலுள்ள அரசு ஆலைகளில் அது பதப்படுத்தப்படுகிறது. இருந்தும் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் விதித்த பல்வகை உரிமங்களுக்கும் தண்டனைகளுக்கும் அஞ்சி, மருத்துவமனைகள் பல மார்ஃபினை வைத்திருப்பதையே தவிர்த்தன. 2014-இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, இன்றியமையாப் போதை மருந்துகள் என்னும் தனிவகை உருவாக்கப்பட்டு, ஏற்பளிக்கப்பட்ட மருத்துவ நிறுவனங்கள் அவற்றைப் பெறும் நடைமுறை எளிதாக்கப்பட்டது. சட்டம் தளர்ந்தாலும் அச்சமும் பயிற்சிக் குறைவும் உடனே நீங்கிவிடுவதில்லை.

10. முடிவுரை

கால்சியம் நுழைவின்றி வலிச் செய்தி இல்லை. அந்நுழைவைச் சிறிது குறைத்தாலே செய்தி பெரிதும் தளர்கிறது. ஒரு கடத்தியை மட்டும் தடுப்பதைவிட எல்லாக் கடத்திகளும் வெளியேறும் மடையைத் தடுப்பது பயனுடையது. உடலின் என்கெஃபலின் அதனைத்தான் செய்கிறது. மார்ஃபின் அதன் வழியில் நடக்கிறது. இவை மேற்கண்ட ஆய்வுகளால் பெறப்படும் முடிவுகள்.

இவற்றினின்று ஒரு நடைமுறைக் கருத்தும் பெறப்படுகிறது. எரிபுண்ணுற்றவரின் வலி, மன உறுதியால் தாங்கவேண்டிய ஒன்றாக நம்மிடையே கருதப்படுவதுண்டு. ஓயாத துடிப்புகள் உடலின் இயல்பான தடுப்பையே தளர்த்தக்கூடியவை என்பதையும், தண்டுவடச் செல்களின் உணர்திறனை மிகுவிப்பவை என்பதையும் முன்னர்க் கண்டோம். அந்நிலையில் வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வது, உடைப்பெடுத்த கண்மாய்க் கரையை வெறுங்கையால் அணைக்கச் சொல்வதை ஒக்கும். கட்டு மாற்றுவதற்கு முன்னரே போதிய வலிநீக்கி தருவதும், அதனைப் பாதுகாப்பாகத் தரவல்ல பயிற்சி பெற்றோர் அருகமை மருத்துவமனையில் இருப்பதும் சலுகைகள் அல்ல. தோலுக்குத் தரும் சிகிச்சையைப் போன்றே சிகிச்சையின் பகுதிகள். தாயில்பட்டி போன்ற ஊர்களிலிருந்து எரிபுண்ணோடு வருபவர்க்கு வலிநீக்கம் எத்தனை மணி நேரத்தில் கிடைக்கிறது, எவ்வளவு கிடைக்கிறது என்பதை முறையாகப் பதிவுசெய்வது, இவ்வட்டாரத்தில் மேற்கொள்ளத்தக்க முதல் ஆய்வாகும்.